ஏலம் விடுவதற்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடுங்கள்

பழைய பள்ளிக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி முன்னாள் மாணவர் வாட்ஸ்அப் குழுவில் விழுந்தால் அடுத்து என்னென்ன நடக்கும் என்பது எனக்கு இப்போது மனப்பாடம். முதலில் அழுகிற முகங்கள் வரிசையாக வரும். பிறகு யாராவது ஒருவர், பெரும்பாலும் வெளிநாட்டில் இருப்பவர், "விடக்கூடாது, ஏதாவது செய்யணும்" என்பார். நிறையப் பேர் கட்டைவிரலைத் தூக்குவார்கள். ராத்திரி பதினோரு மணி வரைக்கும் யார் எந்த பெஞ்சில் உட்கார்ந்தோம், யார் யாரிடம் அடி வாங்கினோம் என்று பேச்சு ஓடும். மறுநாள் காலையில் ஒருவர் முருகன் படத்தோடு வணக்கம் போடுவார், அதோடு சரி. அந்த 'ஏதாவது' என்ன என்று பார்க்க ஊரில் இருக்கிற ஒருத்தர்தான் கிளம்ப வேண்டும். எங்கள் விஷயத்தில் அது என் தலையில் விழுந்தது. தபால் ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, பிள்ளைகள் வெளியூரில், ஊரிலேயே இருக்கிறாள், போய்ப் பார்க்கட்டும் என்று ஒருமனதாக முடிவெடுத்தார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் இதிலேயே போனது. கைக்காசு ஐம்பதாயிரத்துக்கு மேல் கரைந்தது. ஒன்றிரண்டு பேரோடு பேச்சு நின்றுபோனது. உங்கள் ஊரிலும் இது நடக்கும், நடந்துகொண்டிருக்கும். அதனால் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில். பள்ளி இப்போது அரசு மேல்நிலைப் பள்ளி. பெரியவர்களுக்கு இன்னமும் 'போர்டு ஹைஸ்கூல்', அதாவது ஜில்லா போர்டு நடத்திய காலத்துப் பெயர். நடுவில் இருந்த பெரிய ஹால்தான் ஆரம்பக் கட்டடம். மெட்ராஸ் டெரஸ் போட்டது. தேக்கு உத்திரங்களை வரிசையாக வைத்து, அதன்மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புக் காரையில் பதித்து, அதற்கு மேலே செங்கல் ஜல்லி, கடைசியில் தட்டை ஓடு. இரும்புக் கம்பியே கிடையாது. வெயிற்காலத்தில் உள்ளே போனால் குளுகுளுவென்று இருக்கும். அதற்குத் தெற்கே மங்களூர் ஓடு போட்ட நீளக் கட்டடம், ஆறாவதிலிருந்து எட்டாவது வரைக்கும். பின்பக்கம் கீற்றுக் கொட்டகைகள். பிறகு ஒவ்வொரு திட்டமும் வரவர ஒரு கான்கிரீட் பெட்டி முளைத்தது. நாங்கள் விளையாடிய இடம் இப்போது பாதி கூட இல்லை.

ஹாலை இடிக்க வேண்டும் என்று ஏன் சொன்னார்கள் என்பதை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. குழுவில் பாதிப் பேர் இதைக் கேட்கவே இல்லை, நேராகப் போராட்டத்துக்குத் தயாராகிவிட்டார்கள். 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியில் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன்பிறகு மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து, பழுதானவற்றை இடிக்க உத்தரவு போட்டார்கள். எங்கள் ஹாலும் அந்த வரிசையில் வந்ததுதான். எப்போதோ யாரோ நல்ல எண்ணத்தில் சுண்ணாம்புச் சுவருக்கு மேல் சிமெண்ட் பூச்சுப் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். சிமெண்ட் அதை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே நின்று, காரை பொடிந்து, பூச்சு பாளம் பாளமாக விழுகிறது. மேலே உத்திரத்தில் கரையான். புனரமைக்க முடியாதா என்றால் முடியும், சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரும் காசும் இருந்தால். ஆனால் அதுவரை அந்தக் கூரைக்குக் கீழே பிள்ளைகளை உட்காரவைக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "உன் பேரனை அங்க உட்கார வைப்பியா?" என்று குழுவில் ஒருவரிடம் கேட்டேன். அவர் பதில் போடவில்லை. எங்கள் நட்பில் முதல் விரிசல் அங்கேதான் விழுந்தது.

சரி, காப்பாற்ற முடியாது என்றான பிறகு என்ன செய்வது? இங்கேதான் எங்களுக்கு யாரும் சொல்லித் தராத விஷயம் இருக்கிறது. அரசுப் பள்ளிக் கட்டடத்தை இடிப்பது என்றால் ஜே.சி.பி. வந்து தள்ளிவிட்டுப் போவது இல்லை. பொறியாளர் வந்து பார்த்து, பயன்படுத்தத் தகுதியில்லை என்று எழுதித் தர வேண்டும். இடித்தால் கிடைக்கும் மரம், இரும்பு, கல் இவற்றுக்கு ஒரு மதிப்புப் போட வேண்டும். அதன்பிறகு ஏலம். ஏலத்தில் எடுத்தவர்தான் இடிப்பார், இடித்ததெல்லாம் அவருடையது. ஏலத்தொகையைக் கட்டிவிட்டார் என்றால் கதவு, ஜன்னல், உத்திரம், ஏன் அடிக்கல் கல்வெட்டு வரைக்கும் அவர் பொருள். நாங்கள் போய் நின்றபோது தேக்குக் கதவுகளெல்லாம் லாரியில் ஏறியாயிற்று. ஒரே ஒரு கதவையாவது கொடுங்கள் என்று கேட்டதற்கு அந்த மனிதர், "ஏலத் தொகை கட்டி எடுத்ததும்மா, வேணும்னா வெல சொல்றேன்" என்றார். அவர் சொன்ன விலைக்கு நான் ஒரு பசுமாடு வாங்கலாம். அவரைக் குறை சொல்லவும் முடியாது, அது அவர் தொழில். தொங்கிக்கொண்டிருந்த வெண்கல மணி எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியவில்லை. கல்வெட்டு மட்டும் குப்பையோடு குப்பையாகக் கிடந்ததால் தப்பியது.

ஆகவே, கட்டடத்தை ஆய்வு செய்ய வந்தார்கள் என்று காதில் விழுந்த அன்றே ஒரு மனு எழுதிவிடுங்கள். தலைமையாசிரியருக்கு ஒன்று, முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு நகல். இன்னின்ன பொருட்களை ஏலத்திலிருந்து நீக்கிப் பள்ளிக்கே வைத்துக்கொள்ள வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்: கல்வெட்டு, மணி, ஒரு ஜோடிக் கதவு, சுவரில் பதித்த கரும்பலகை, புகைப்படச் சட்டங்கள், ஒரு கட்டு ஓடு. பள்ளி மேலாண்மைக் குழுவில் இதைத் தீர்மானமாகப் போட்டால் வலு கூடும். இப்போது அந்தக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் இருக்கிறது, உள்ளூரில் இருக்கிற ஒருவரைச் சேர்த்துவிடுங்கள். வாயால் கேட்டால் ஹெச்.எம். சரிங்க என்பார், அடுத்த மாதம் மாறுதலாகிப் போய்விடுவார். எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். பதிலே வரவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். மதிப்பீட்டு நகல், ஏல நிபந்தனைகள், ஏலத் தேதி, இவற்றைக் கேட்டாலே போதும்.

ஹால் இடிபடுவதற்கு முன்னால் ஒரே ஒரு நல்ல காரியம் நடந்தது. ஊரில் சிவில் டிப்ளமோ படிக்கிற ஒரு பையன் டேப்போடு வந்து ஹாலை அளந்து வரைந்து கொடுத்தான். சுவர் கனம், கதவு உயரம், ஜன்னலுக்கு ஜன்னல் இடைவெளி எல்லாம். ஒரு அறைக்கு நான்கு மூலையிலிருந்தும் ஒவ்வொரு படம், கூரையைப் பார்த்து ஒன்று, தரையைப் பார்த்து ஒன்று. படத்தில் ஒரு ஆள் நின்றால் அளவு புரியும். இதற்கு ஒரு காசு செலவில்லை. நாங்கள் அழுதுகொண்டே எடுத்த செல்ஃபிகள் எதுவும் பிறகு உதவவில்லை, அந்தப் பையன் எடுத்தவைதான் உதவின. கல்வெட்டில் எழுத்து மங்கியிருந்தால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள், நிழல் விழுந்து எழுத்து எழும்பித் தெரியும். சுண்ணாம்பு தடவுவதோ ஆணியால் சுரண்டுவதோ வேண்டாம்.

அப்புறம், ஒரு நினைவு மலர் போடுவதற்காக நினைவுகளைச் சேர்க்கிற வேலை. இதுதான் இருப்பதிலேயே சுகமானது என்று நினைத்துத்தான் இறங்கினேன். ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னால் வருவதெல்லாம் ஒரே மாதிரி இருக்கும்: "பசுமையான நினைவுகள், மறக்க முடியாத ஆசிரியர்கள்". ஒன்றுக்கும் உதவாது. நேரில் போய், ஒரு வெள்ளைத்தாளை முன்னால் வைத்து, "ஆறாவது படிக்கும்போது உங்க கிளாஸ் எங்க இருந்துச்சு, வரைஞ்சு காட்டுங்க" என்று கேட்டுப் பாருங்கள். பென்சில் கையில் ஏறியதும் ஆட்கள் மாறிவிடுகிறார்கள். வேப்பமரம் எங்கே, குழாய் எங்கே, சைக்கிளை எங்கே சாத்தினோம், எந்த ஜன்னல் வழியே ரயில் சத்தம் கேட்கும் எல்லாம் வரும். செல்போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, அனுமதி கேட்டு, அதையும் பதிவில் சொல்லவைத்துவிடுங்கள். வயதானவர்களை முதலில் பாருங்கள். தையல் டீச்சர் ஒருவரை 'அடுத்த வாரம்' என்று தள்ளிக்கொண்டே வந்தோம். அவர் போய்விட்டார்.

வருஷம் கேட்டால் யாருக்கும் சரியாகச் சொல்ல வராது. எங்கள் பக்கத்தில் புயலைக் கேட்டால் சொல்வார்கள். 52 புயலுக்கு முன்னாலா பின்னாலா, 77 புயலுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால் டக்கென்று பதில் வரும். 77 நவம்பரில் நான் ஒன்பதாவது. மறுநாள் காலையில் ஓட்டுக் கட்டடம் மூளியாக நின்றதும், ஹாலில் ஊரே படுத்திருந்ததும் எனக்கே நன்றாக நினைவிருக்கிறது. கடைசியாக 2018 நவம்பரில் கஜா. மிச்சமிருந்த ஓட்டில் பாதியை அதுதான் கொண்டுபோனது, அந்த இடத்தில் இப்போது தகரம். உங்கள் ஊரில் வெள்ளமோ ரயில் விபத்தோ தேர்த் திருவிழா கலவரமோ ஏதோ ஒன்று இருக்கும், அதை வைத்துக் கேளுங்கள்.

கட்டடங்களே கூட வருஷம் சொல்லும், பார்க்கத் தெரிந்தால். மாநிலத்தில் பிளஸ் டூ வந்தது 1978ல். அதற்கு முன்னால் 11 வருஷப் பள்ளிப் படிப்பும், கல்லூரியில் பி.யூ.சி. என்ற ஒரு வருஷப் புகுமுக வகுப்பும்தான். எனவே பெயர்ப்பலகையில் 'மேல்நிலை' என்று இருக்கிற புகைப்படம் அதற்கு முந்தையதாக இருக்காது. சத்துணவு 1982 ஜூலையில் சின்னப் பிள்ளைகளுக்குத் தொடங்கி, 1984ல்தான் 15 வயது வரை விரிந்தது. ஆகவே எங்கள் மாதிரி உயர்நிலைப் பள்ளியில் சத்துணவுக் கூடம் தெரிகிற படம் என்றால் அதற்குப் பிந்தையது. ஒரு அண்ணன் 75லேயே சத்துணவு ஷெட்டில் படித்ததாகச் சத்தியம் செய்தார். காமராஜர் காலத்து மதிய உணவும் எம்.ஜி.ஆர். சத்துணவும் அவர் ஞாபகத்தில் ஒன்றாகக் கலந்திருந்தன. 2004 ஜூலை 16 கும்பகோணம் தீ விபத்தில் 94 பிள்ளைகள் இறந்தபிறகு பள்ளிகளில் கீற்றுக் கொட்டகைகளைப் பிரிக்கச் சொன்னார்கள். எங்கள் பின்பக்கக் கொட்டகைகளும் அப்போது போனவைதான். சுவரில் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் முத்திரை இருந்தால் 2000க்குப் பிறகு. எந்தக் கட்டடத்தின் நெற்றியிலும் எந்த நிதி, எத்தனை லட்சம் என்று பெயிண்டில் எழுதியிருக்கும், அடுத்த வெள்ளையடிப்பில் அது காணாமல் போகும். அதையும் படம் எடுத்துவிடுங்கள். புதுக் கட்டடத்தில் நினைவும் இல்லை அழகும் இல்லை என்று என் வயதுக்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள். 2010ல் படித்து முடித்த ஒரு பெண்ணுக்கு அந்தக் கான்கிரீட் பெட்டியின் மாடிப்படிதான் பள்ளிக்கூடம். அவளிடம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

நான் எதிர்பார்க்காத இடம் ஒன்று வந்தது. ஆண்கள் சொன்ன பள்ளியையும் பெண்கள் சொன்ன பள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது இரண்டும் ஒரே வளாகமா என்று சந்தேகம் வந்துவிட்டது. ஆண்களுக்கு மரம், மைதானம், ஹால் மேடை, பின்சுவர் ஏறிக் குதித்தது. பெண்கள் ஒருவர் விடாமல் பேசியது கழிப்பறை பற்றி. இல்லாத கழிப்பறை. காலையில் வீட்டில் தண்ணீர் குடிக்காமல் வருவோம், சாயங்காலம் வீட்டுக்குப் போய்த்தான் குடிப்போம் என்று வெவ்வேறு வருஷத்தில் படித்தவர்கள் ஒரே வார்த்தையில் சொன்னார்கள். எனக்கும் அப்படித்தான், ஆனால் யாராவது கேட்டிருந்தால் நானும் வேப்பமரத்தைத்தான் சொல்லியிருப்பேன். பெண்களைத் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள். பக்கத்தில் அண்ணனோ கணவனோ இருந்தால் இதெல்லாம் வராது.

அதைவிடக் கனமானது ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கிப் படித்த அண்ணன் ஒருவர் சொன்னது. ஹால் வாசலில் இருந்த மண்பானையைப் பற்றிக் குழுவில் ஆளாளுக்கு உருகி எழுதியிருந்தார்கள், வெட்டிவேர் போட்ட தண்ணீர் என்று. அதைப் படித்துக் காட்டினேன். சிரித்தார். "அந்தப் பானைல நாங்க மொண்டு குடிச்சதில்லம்மா. ஒருத்தர் ஊத்துவாரு, நாங்க குனிஞ்சு கையேந்திக் குடிப்போம். வெட்டிவேர் வாசன கையிலயும் வரும், அது நெசந்தான்" என்றார். பதிவை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அவருடைய செட்டில் படித்த வேறு ஆட்களைத் தேடிப் போய்க் கேட்டேன், அவர்களும் அதையே சொன்னார்கள். குழுவில் போட்டேன். வந்ததே பாருங்கள். "நம்ம ஸ்கூல்ல அப்படி எதுவும் கிடையாது", "பழசக் கிளறி என்ன ஆகப்போகுது", "இது மலரா, புகார்ப் பெட்டியா" என்று. நிர்வாகியாக இருந்த நண்பர் என் பதிவை அழித்தார். மலரிலிருந்தும் அதை எடுத்தால் மொத்த வேலையையும் நிறுத்திவிடுகிறேன் என்று நான் சொன்னேன். கடைசியில் அது மலரில் இருந்தது, விடுதி அண்ணன் தன் பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் பெயர் இல்லாமல். இரண்டு பேர் சொல்வது முரண்பட்டால் யார் சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, இரண்டையும் போடுங்கள், யார் எந்த வருஷம் எந்த வகுப்பு என்பதையும் போடுங்கள். ஒன்று மட்டும்: ஆசிரியர் ஒருவரைப் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டும் கதை வந்தால் அச்சில் பெயரை எடுத்துவிடுங்கள். அவர் பிள்ளைகள் இதே ஊரில் இருப்பார்கள், பதில் சொல்ல அவர் இருக்கமாட்டார்.

புகைப்படங்களுக்கு வருகிறேன். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், அச்சுக்கு ஆகாது. டாக்குமெண்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், முடிந்தால் நேரில் போய் ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் கேளுங்கள், ஸ்டூடியோ முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். கண்ணாடிச் சட்டத்தில் ஈரம் பட்டு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்காதீர்கள், மேல்தோல் உரிந்து கண்ணாடியோடு போய்விடும். சட்டத்தோடு வைத்தே ஃபிளாஷ் போடாமல் கொஞ்சம் சாய்வாக எடுங்கள். வகுப்புக் குழுப் படத்துக்குப் பெயர் கண்டுபிடிக்க ஒரு வழி: படத்தின் மேல் வெண்ணெய்த் தாளை வைத்துத் தலைகளை மட்டும் வட்டமாக வரைந்து எண் போடுங்கள், அந்தத் தாளின் ஜெராக்ஸை ஊரில் சுற்றவிடுங்கள். 'இடமிருந்து வலம்' என்று எழுதி வாங்கினால் மூன்றாவது வரிசையில் எப்போதும் ஒருத்தர் காணாமல் போவார்.

சேர்க்கைப் பதிவேட்டைப் பார்க்க அனுமதி கிடைத்தால் அதிர்ஷ்டம், எங்களுக்குக் கிடைத்தது. ஆனால் அதில் சாதி, அப்பா தொழில், பிறந்த தேதி எல்லாம் இருக்கிறது. எங்கள் ஆள் ஒருவர் உற்சாகத்தில் ஒரு பக்கத்தை அப்படியே படம் எடுத்துக் குழுவில் போட்டுவிட்டார். அன்று ராத்திரி எனக்கு வந்த போன்களை எண்ணவில்லை. ஹெச்.எம்.முக்கு அதற்கு விளக்கக் கடிதம் எழுத நேர்ந்தது. வருஷமும் எண்ணிக்கையும் மட்டும் கையால் குறித்துக்கொள்ளுங்கள், கேமராவைப் பையிலேயே வைத்திருங்கள்.

இனி பணம். நட்பு முறிவது இங்கேதான். நினைவு மலர், கல்வெட்டை மறுபடி பதிப்பது, மிச்சம் இருந்தால் நூலக அலமாரி என்று வசூல் ஆரம்பித்தது. ஒருவருடைய சொந்தக் கணக்கின் கியூ.ஆர். குறியீட்டைக் குழுவில் போட்டார்கள். பணம் ஏறிய பிறகுதான் ஆடிட்டர் சொன்னார்: உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் தனிநபருக்கு வந்தால் அது அவருடைய வருமானமாகவே கணக்காகும், இது அன்பளிப்பா வசூலா என்று விளக்க வேண்டிவரும் என்று. அந்த நண்பர் பயந்துபோய்ப் பணத்தைத் திருப்பி அனுப்ப ஆரம்பித்தார், இடையில் யாரோ கணக்குக் கேட்க, அவர் குழுவிலிருந்தே வெளியேறிவிட்டார். நல்ல மனிதர், இன்றும் தெருவில் பார்த்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறார்.

சிங்கப்பூர்க்காரர்கள் கதை தனி. எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருத்தர் அங்கே இருப்பார்கள், கை தாராளம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வங்கி வழியாக அனுப்பினால் சிக்கல் இல்லை. ஆனால் அந்த ஊர்க் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்புவது சட்டப்படி வெளிநாட்டுப் பணம், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அப்படித்தான். அதை ஒரு சங்கம் வாங்க எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் கீழ் பதிவும், டெல்லியில் ஸ்டேட் பாங்க்கின் குறிப்பிட்ட கிளையில் கணக்கும் வேண்டும். ஒரு மலர் போடுவதற்காக யார் இதெல்லாம் செய்வார்கள்? எங்களோடு படித்த ஒருத்தி பெரிய தொகை அனுப்பத் தயாராக இருந்தாள், வேண்டாம் என்றதில் அவளுக்கு இன்னமும் மனவருத்தம். "என் காசு மட்டும் கசக்குதாடி?" என்று கேட்டாள்.

சங்கமாகப் பதிவு செய்வது அவ்வளவு கஷ்டமில்லை. குறைந்தது ஏழு பேர் வேண்டும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி பதியலாம். வருஷா வருஷம் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், அதற்கு ஒரு சலிக்காத ஆள் கிடைத்தால் செய்யுங்கள். கிடைக்காவிட்டால் கட்டடம், மேசை, கழிப்பறை மாதிரிப் பள்ளிக்கு நேரடியாகச் செய்கிற காரியங்களுக்கு 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் இணையதளம் வழியாகவே கொடுத்துவிடுவது என் கணக்கில் மேல். 2022 டிசம்பரில் அரசு தொடங்கியது. எந்தப் பள்ளிக்கு, என்ன வேலைக்கு என்று தேர்ந்தெடுக்கலாம், உங்கள் கையில் பணம் தங்காது, ஊரில் யாரும் உங்களைச் சந்தேகமாகப் பார்க்கமாட்டார்கள். மலர் போன்ற சின்ன வேலைக்கு இரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற கூட்டுக் கணக்கு, வரவு செலவை மாதம் ஒருமுறை குழுவில் படமாகப் போடுவது, இவை போதும். வரிவிலக்கு ரசீது கேட்பவர்களிடம் 80ஜி பதிவு இல்லாமல் கிடைக்காது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பதிவு இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு இல்லை.

அச்சகத்தில் போனதுதான் எனக்கு வலித்த காசு. 40,000 ரூபாய் முன்பணம், அதில் பெரும்பகுதி என் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்தது, வசூல் வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று. பாதி வேலையில் அச்சகம் மூடப்பட்டது. உரிமையாளர் போன் எடுக்கவில்லை, கடை வாடகையே பாக்கியாம். பணத்தைவிடப் பெரிய இடி, அவர்கள் தட்டச்சு செய்து வைத்திருந்த கோப்பு பழைய எழுத்துருவில் இருந்தது. வேறு கணினியில் திறந்தால் கொக்கி கொக்கியாக வந்தது, ஒரு எழுத்தும் படிக்க முடியவில்லை. மாற்றித்தரும் மென்பொருள்கள் இருக்கின்றன, ஆனால் எந்த எழுத்துரு என்று தெரிந்தால்தானே? எத்தனையோ இரவு உட்கார்ந்து நானும் என் மருமகளும் செல்போனில் மறுபடி அடித்தோம். அச்சகத்தில் பேசும்போதே எந்தக் கணினியிலும் படிக்க வருகிற யூனிகோடில்தான் அடிக்க வேண்டும், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கோப்பு என் கைக்கு வர வேண்டும், அப்போதுதான் அடுத்த தவணைப் பணம் என்று எழுதி வாங்குங்கள். 500 பிரதி எல்லாம் தேவையே இல்லை. எங்களுடையது கடைசியில் 100 பிரதி, மற்றவர்களுக்கு பி.டி.எஃப். ஒரு பிரதி பள்ளி நூலகத்துக்கு, ஒன்று ஊர்க் கிளை நூலகத்துக்கு. ஒலிப்பதிவுகளும் ஸ்கேன்களும் மூன்று பேரிடம் தனித்தனி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன, மூன்று பேரும் வேறு வேறு ஊரில்.

புதுக் கட்டடம் திறந்துவிட்டார்கள். மாடியோடு எட்டு வகுப்பறை, பெண் பிள்ளைகளுக்குத் தண்ணீர் வருகிற கழிப்பறை. கல்வெட்டைப் படிக்கட்டுக்குப் பக்கத்துச் சுவரில் பதித்திருக்கிறோம், பாதி எழுத்தை அறிவிப்புப் பலகை மறைக்கிறது, சொல்லியிருக்கிறேன். போன மாதம் ஓட்டுக் கட்டடத்தையும் பொறியாளர் வந்து பார்த்துவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டதும் அன்றைக்கே மனு எழுதினோம். நீக்கி வைக்க வேண்டிய பொருட்கள் வரிசையாக இருக்கின்றன, மேலாண்மைக் குழுத் தீர்மானமும் சேர்த்தாயிற்று. ஒப்புகையில் இந்தமுறை முத்திரையும் தேதியும் இருக்கிறதா என்று இரண்டுமுறை பார்த்துத்தான் வாங்கினேன்.